முதுகெலும்பைச் சொடுக்கும் சிகிச்சை: நோயாளி அறிய வேண்டியவை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள் பெரியோர்கள். அந்தச் சிரசைத் தாங்கி நிற்பது எது? முதுகெலும்பு அன்றோ! காலை மணி அடித்ததும் நாம் வரிசையில் நிமிர்ந்து நிற்பதும், சிற்றாலயத்தில் முழந்தாளிடுவதும், புத்தகப் பையைச் சுமந்து மாடிப்படி ஏறுவதும் அதன் தயவால்தான். நலமாக இருக்கும் வரை நாம் அதை நினைப்பதே இல்லை. குடத்தைத் தூக்கக் குனியும்போது 'சுரீர்' என்று இடுப்பில் ஒரு வலி பிடித்துக்கொண்டால்தான் அதன் அருமை தெரிகிறது.

வலி வந்தவர் என்ன செய்கிறார்? தைலம் தேய்க்கிறார். சுளுக்கு வழிப்பவரைத் தேடிப் போகிறார். கால் முன்னே வரப் பிறந்தவரைக் கொண்டு முதுகை நீவச் சொல்லும் பழக்கமும் நம் ஊர்களில் உண்டு. இப்போது இவற்றோடு 'கைரோபிராக்டிக்' என்னும் சிகிச்சையின் பெயரும் காதில் விழுகிறது. கைபேசியில் வரும் படங்களில் ஒருவர் மேசைமேல் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் முதுகில் கையை வைத்து ஒரே அமுக்காக அமுக்குகிறார். 'சடக்' என்று ஓசை கேட்கிறது. வலியோடு வந்தவர் சிரித்த முகத்தோடு எழுந்து போகிறார். பார்ப்பவருக்கு நாமும் போய்ப் படுத்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது பழமொழி. இந்தச் சிகிச்சை என்ன, எந்த வலிக்கு உதவும், எதற்கு உதவாது, யாருக்கு ஆபத்து, மேசையில் படுக்கும் முன் நாம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. குழந்தைப் பருவத்தில் அதில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 எலும்புகள் தனித்தனியே அசையக் கூடியவை. அவற்றுக்குக் கீழே உள்ளவை வளர வளர ஒன்றோடொன்று இணைந்து, திரிக எலும்பாகவும் வால் எலும்பாகவும் ஆகின்றன. அசையும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது இந்தத் தட்டு பிதுங்குவதைத்தான்.

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் ஒரு துவாரம் உண்டு. மணிகளைக் கோத்த மாலையில் நூல் செல்வது போல இந்தத் துவாரங்களின் வழியே தண்டுவடம் செல்கிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. கழுத்தெலும்புகளில் மட்டும் இன்னொரு சிறப்பு உண்டு. அவற்றின் இரு பக்கமும் உள்ள சிறு துளைகளின் வழியே மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரண்டு தமனிகள் மேலேறுகின்றன. கழுத்தைத் திருப்பும்போது இத்தமனிகளும் சேர்ந்து திரும்புகின்றன. தோழியரே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மிகவும் தேவைப்படும்.

சிகிச்சை பிறந்த வரலாறு

கைரோபிராக்டிக் பிறந்த நாடு அமெரிக்கா. 'கெய்ர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கை என்று பொருள். கையால் செய்யப்படும் வைத்தியம் என்பதால் இப்பெயர் வந்தது. இதைத் தோற்றுவித்தவர் டேனியல் டேவிட் பால்மர் என்பவர். அவர் 1845-ஆம் ஆண்டு கனடாவில் பிறந்து, பின்னர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்து வந்தார். அவர் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அல்லர்.

1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அவர் இருந்த கட்டடத்தைத் துப்புரவு செய்து வந்த ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் ஓர் எலும்பு புடைத்திருப்பதைக் கண்டு அதை அமுக்கியதாகவும், பல ஆண்டுகளாகக் காது மந்தமாயிருந்த லில்லார்டுக்கு உடனே காது கேட்டதாகவும் பால்மர் கூறினார். இதிலிருந்து அவர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு முள்ளெலும்பு இடம் பெயர்வதே காரணம், அதைச் சரியாக்கினால் நோய் போய்விடும் என்பதே அம்முடிவு.

இது சரியா என்று நாமே சற்று எண்ணிப் பார்க்கலாம். தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும், மூளையிலிருந்து நேராக 12 இணை நரம்புகளும் புறப்படுகின்றன என்று நரம்பு மண்டலப் பாடத்தில் படிக்கிறோம். காது கேட்பதற்குரிய நரம்பு இந்த 12 இணைகளைச் சேர்ந்தது. அது உட்செவியிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குச் சென்றுவிடுகிறது. முதுகுப் பக்கம் வருவதே இல்லை. அப்படியிருக்க, முதுகெலும்பை அமுக்கியதால் காது கேட்டது என்பதை எப்படி ஏற்பது? ஒருவருக்கு நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்து நோய்களுக்கெல்லாம் காரணம் கற்பிப்பது அறிவியல் முறை ஆகாது.

ஆயினும் அத்தொழில் வளர்ந்தது. 1897-இல் பால்மர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் மகன் அதை நாடறியச் செய்தார். 1913-இல் கான்சஸ் மாநிலம் இத்தொழிலுக்கு முதன்முதலில் சட்டம் இயற்றியது. 1974-இல் லூயிசியானா மாநிலமும் சேர்ந்தபோது அமெரிக்கா முழுவதும் இதற்கு உரிமம் கிடைத்தது. இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தொழிலை மேற்பார்வை செய்ய ஒரு பொது மன்றம் அமைந்தது. அம்மன்றமே 2010-இல், எலும்பு இடம் பெயர்வதுதான் நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை பழைய வரலாற்றுக் கருத்து மட்டுமே, அதற்கு ஆராய்ச்சிச் சான்று இல்லை என்று அறிவித்துவிட்டது. இன்று இத்தொழில் செய்வோரில் பலர் பழைய கொள்கையை விட்டு, முதுகுவலி, கழுத்துவலி ஆகியவற்றை மட்டுமே கவனிக்கின்றனர். இன்னும் சிலர் பழைய கொள்கையையே சொல்லி எல்லா நோய்க்கும் மருந்து தம் கையில் இருப்பதாகக் கூறுகின்றனர். இவ்விரு வகையினரையும் பிரித்தறிவது நோயாளியின் முதல் கடமை.

'சடக்' என்ற ஓசை எங்கிருந்து வருகிறது?

சிகிச்சை செய்பவர் மூட்டை அது தானாக அசையக்கூடிய எல்லை வரை கொண்டு போய், அங்கிருந்து மிகச் சிறிய தூரத்துக்கு மிக வேகமாக ஓர் உந்து உந்துகிறார். கண் இமைக்கும் நேரத்தில் அது முடிந்துவிடும். அப்போது கேட்கும் ஓசையை, விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் ஓசை என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு.

மூட்டுகளின் உள்ளே வண்டிச் சக்கரத்துக்கு இடும் மசகு போல ஒரு வழவழப்பான நீர் இருக்கிறது. மூட்டின் இரு முகங்களும் திடீரென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்த நீரில் கரைந்திருக்கும் வாயு ஒரு குமிழி போல வெளிப்படுகிறது. ஓசைக்கு அதுவே காரணம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015-இல், விரல் மூட்டு சொடுக்கும் கணத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடித்து, மூட்டுக்குள் வெற்றிடம் ஒன்று தோன்றுவதைக் காட்டினர். சொடுக்கிய விரலையே உடனே மறுபடி சொடுக்க முடியாமல் சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

விரலைச் சொடுக்கினால் மூட்டுவாதம் வரும் என்று வீட்டில் அதட்டுவார்கள் அல்லவா? டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகள் இடக்கை விரல்களை மட்டுமே சொடுக்கி வந்து, இரு கைகளையும் ஒப்பிட்டார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-இல் அவருக்கு 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசு வழங்கினார்கள். ஆனால் அங்கரும் ஒருவர்தான், லில்லார்டும் ஒருவர்தான். ஒருவரைக் கொண்டு உலகுக்கே விதி வகுக்க முடியாது என்பது இருவருக்கும் பொருந்தும். நோயாளி இங்கே அறிய வேண்டியது இதுதான்: ஓசை பலமாகக் கேட்டால் குணமும் அதிகம் என்று எண்ணவும் வேண்டாம், ஓசை கேட்கவில்லையே என்று மறுபடி மறுபடி சொடுக்கச் சொல்லவும் வேண்டாம்.

எந்த வலிக்கு உதவும்?

நியாயமாகப் பேசினால் இச்சிகிச்சையால் சிறிது பயன் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்புவலியால் அவதிப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவோ, கட்டியோ, கிருமியோ இல்லை. தசையும் மூட்டும் சம்பந்தப்பட்ட சாதாரண வலிதான். இத்தகைய வலிக்கே இச்சிகிச்சை ஓரளவு உதவுகிறது.

இங்கிலாந்தில் 1,334 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளிவந்தது. முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் அதைத் தொடர்ந்து உடற்பயிற்சியும் பெற்றவர்கள் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடச் சற்றே நலமாக இருந்தனர். 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, புதிதாக வந்த இடுப்புவலிக்கு மாத்திரையை நாடுமுன் வெந்நீர் ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றை முயன்று பார்க்கலாம் என்றது. அதே அறிக்கை, எந்தச் சிகிச்சை செய்தாலும் பெரும்பாலோருக்கு நாளடைவில் வலி தானே குறைந்துவிடும் என்றும் சொல்கிறது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம், நாள்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம் அளித்தல் முதலியவற்றோடு இதையும் ஒரு வழியாகச் சேர்த்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? இது பல வழிகளுள் ஒரு வழி. இதைவிட ஒத்தடமும் நடையும் பயிற்சியும் மிகக் குறைந்தவை அல்ல. இதே சிகிச்சையை முறைப்படி பயின்ற பிசியோதெரபிஸ்டுகளும் செய்கின்றனர்.

எதற்கு உதவாது?

ஆஸ்துமா, காதில் சீழ், படுக்கையில் சிறுநீர் கழித்தல், கைக்குழந்தையின் ஓயாத அழுகை ஆகியவற்றை முதுகெலும்பைச் சொடுக்கிக் குணப்படுத்தலாம் என்று சிலர் விளம்பரம் செய்கின்றனர். இதற்குத் தக்க சான்று இல்லை. இங்கிலாந்தில் சைமன் சிங் என்னும் அறிவியல் எழுத்தாளர் 2008-இல் இதைப் பத்திரிகையில் எழுதினார். அந்நாட்டுக் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தது. அவர் பின்வாங்கவில்லை. 2010-இல் மேல்நீதிமன்றம் அவர் பக்கம் பேசியபின் சங்கமே வழக்கைத் திரும்பப் பெற்றது. 2013-இல் அந்நாட்டில் மானநஷ்டச் சட்டம் திருத்தப்படுவதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று.

ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரக் கைக்குழந்தை ஒன்றுக்கு இச்சிகிச்சை செய்யும் படம் வெளியாகி மக்களைத் திடுக்கிட வைத்தது. விக்டோரியா மாநில அரசு ஆராயச் சொன்னது. 2019-இல் வந்த அறிக்கை, குழந்தைகளுக்குக் கடும் தீங்கு நேர்ந்ததற்கான சான்றும் அதிகம் இல்லை, நன்மை உண்டு என்பதற்கு வலுவான சான்றும் இல்லை என்றது. நன்மை இருப்பதாகத் தெரியாத ஒன்றுக்காகப் பிஞ்சு முதுகை ஏன் பிறர் கையில் கொடுக்க வேண்டும்? தாய்மார்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

நம் வயதுப் பெண்கள் அறிய வேண்டியது ஒன்றும் உண்டு. பத்து வயது முதல் பதினாறு வயது வரை வேகமாக வளரும் காலத்தில் சிலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. கடுமையான வளைவு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே அதிகம். ஒரு தோள் உயர்ந்தும் மறுதோள் தாழ்ந்தும் இருக்கும். இரு கைகளையும் கூப்பித் தொங்கவிட்டுக் குனிந்து நின்றால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். சொடுக்குவதால் இந்த வளைவு நேராகும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் உரிய காலத்தில் எலும்பு மருத்துவரிடம் காட்டினால் கச்சை அணிவித்து வளைவு கூடாமல் தடுக்கலாம். 2013-இல் வெளிவந்த ஆய்வில், கச்சை அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினர் அறுவைச் சிகிச்சைக்குரிய அளவை எட்டாமல் தப்பினர். கச்சை அணியாமல் கவனிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 விழுக்காட்டினரே தப்பினர். கச்சை பலன் தருவது வளரும் பருவத்தில் மட்டுமே. ஆகவே ஒரு வருடம் சொடுக்கிப் பார்ப்போம் என்று காலத்தைக் கழித்தால், அந்தப் பருவம் நமக்காகக் காத்திருக்காது.

ஆபத்துகள் யாவை?

ஆபத்து இரு வகைப்படும். முதல் வகை சிறியது. ஆனால் பலருக்கும் வருவது. சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த இடத்தில் வலி, தலைவலி, களைப்பு போன்றவை உண்டாகி, ஓரிரு நாளில் மறைந்துவிடும். இரண்டாம் வகை மிக அரிது. ஆனால் வந்தால் பெரிது.

அதில் முக்கியமானது கழுத்துத் தமனியில் ஏற்படும் கிழிசல். கழுத்தெலும்புத் துளைகளில் செல்லும் தமனிகளைப் பற்றி முன்பு கண்டோம். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கே இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். அதுவே பக்கவாதம். 1998-இல் கனடாவின் சஸ்காச்செவன் மாநிலத்தில் இருபதே வயதான ஒரு பெண், கழுத்தில் இச்சிகிச்சை பெற்ற சில நாட்களில் தமனி கிழிந்து உயிரிழந்தாள்.

எனினும் இதில் அறிஞர்கள் கருத்து முழுவதும் ஒன்றாக இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் இத்தகைய பக்கவாதம் வந்த 818 பேரைப் பற்றிய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. கைரோபிராக்டிக் நிபுணரிடம் போனவர்களைப் போலவே, சாதாரணக் குடும்ப மருத்துவரிடம் போனவர்களுக்கும் அது வந்திருப்பதை அவ்வாய்வு கண்டது. தமனி முன்பே சிறிது கிழிந்து, அதனால் உண்டான கழுத்துவலிக்காகவே அவர்கள் வைத்தியரிடம் போயிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. 2014-இல் அமெரிக்க இதயச் சங்கம் இரண்டையும் ஆராய்ந்து, சொடுக்குவதே காரணம் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது, ஆயினும் இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது, எனவே கழுத்தைத் தொடுமுன் நோயாளிக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்றது. காரணம் எதுவானாலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. இதுவரை இல்லாத விதமாகத் திடீரென்று கடுமையாக வந்த கழுத்துவலியோடு எவர் கையிலும் கழுத்தைக் கொடுக்கலாகாது. முடிதிருத்தும் கடையில் முடிவெட்டியபின் கழுத்தை இருபுறமும் 'சொடக்' என்று திருப்பிவிடுவதற்கும் இது பொருந்தும். நம் அப்பாமார்களும் அண்ணன்மார்களும் அதை அன்போடு மறுத்துவிடுவது நல்லது.

முதியோர் நிலை இன்னும் கவனிக்கத் தக்கது. 2017-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், எண்பது வயதையொட்டிய முதியவர் ஒருவர் காலில் வலி என்று இச்சிகிச்சைக்குப் போனார். மேசையிலேயே கழுத்துப் பகுதியில் காயம் ஏற்பட்டுக் கைகால் செயலிழந்து, மறுநாள் இறந்தார். 2019-இல் விசாரணை நடத்திய அதிகாரி, சிகிச்சைக்கு முன் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பது பற்றியும், இத்தொழில் செய்வோருக்கு முதலுதவிப் பயிற்சி அளிப்பது பற்றியும் அத்தொழிலின் பொது மன்றத்துக்கு எழுதினார். முதுமையில் எலும்பு உள்ளே அரித்து மெலிந்திருக்கும்; அல்லது மூட்டுகள் இறுகி அசைவற்றிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

படுக்கும் முன் சொல்ல வேண்டியவை

வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்பார்கள். கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருந்தால், கேட்காவிட்டாலும் நாமே முன்வந்து சொல்ல வேண்டும்.

1. எலும்பு மெலிவு நோய், அல்லது நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டது.
2. இதய நோய்க்காகவோ வேறு நோய்க்காகவோ இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவது.
3. முன்பு புற்றுநோய் வந்தது, முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது.
4. முடக்குவாதம். இதில் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கக் கூடும்.
5. அண்மையில் விழுந்தது, வண்டியில் அடிபட்டது.
6. கருவுற்றிருப்பது.
7. மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் இளைத்தல், படுத்தாலும் தீராத முதுகுவலி.

இக்கடைசிக் குறிப்பு நம் நாட்டுக்கு மிக முக்கியம். உலகிலுள்ள காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசம் நுரையீரலை மட்டுமன்று, முதுகெலும்பையும் தாக்கும். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1779-இலேயே இதை விவரித்து எழுதினார். காசத்தால் அரிக்கப்பட்ட முள்ளெலும்பைச் சுளுக்கு என்று எண்ணி அமுக்கினால், அது நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கக் கூடும். அதே நோயை உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரைகளாலேயே குணப்படுத்தலாம். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அம்மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது.

கேட்க வேண்டியவை

1. எனக்கு என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? அதை எப்படிக் கண்டீர்கள்?
2. தாங்கள் எங்கே, எத்தனை ஆண்டுகள் பயின்றீர்கள்? (2005-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைப்படி, முழுப் பயிற்சிக்கு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு தேவை, அதில் 1,000 மணி நேரம் பெரியோர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது.)
3. கழுத்தைத் திருப்புவீர்களா? திருப்பாமல் வேறு வழி உண்டா?
4. இதனால் என்ன தீங்கு வரக்கூடும்?
5. எத்தனை முறை வர வேண்டும்? குணம் தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள்?
6. நான் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்ன?

இக்கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்பவரை நம்பலாம். ஆபத்து என்பதே கிடையாது என்பவரிடமும், ஒரு வருடத்துக்கு முன்பணம் கட்டச் சொல்பவரிடமும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் முதுகைக் கொடுக்க வேண்டாம். நன்மை உண்டானால் சில வாரங்களுக்குள் தெரிந்துவிட வேண்டும். சில நாடுகளில் இத்தொழிலுக்கு உரிமம் தரும் மன்றங்கள் இருப்பதைக் கண்டோம். எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. மேற்பார்வை இல்லாத இடத்தில் நாமே விழிப்பாய் இருக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு

சில அறிகுறிகளுக்கு எந்தச் சொடுக்கும் உதவாது. கால்கள் பலமிழந்து போதல், தொடைகளின் நடுவே உணர்ச்சி மரத்துப் போதல், சிறுநீரும் மலமும் அடக்க முடியாமலோ போகாமலோ இருத்தல் ஆகியவை தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதைக் காட்டும். இதற்கு அன்றைக்கே மருத்துவமனை செல்ல வேண்டும். கழுத்துச் சிகிச்சைக்குப் பிறகு தலைசுற்றல், கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிதல், நாக்குழறல், விழுங்க முடியாமை, முகம் ஒரு பக்கம் கோணுதல், நடை தள்ளாடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் பக்கவாதம் என்று கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். சற்றே படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பது உயிருக்கே உலை வைக்கும்.

கேட்பது மரியாதைக் குறைவா?

நம் பாட்டிமாரும் அம்மாமாரும் வைத்தியர் முன்னே வாய் திறப்பது மரியாதை அன்று என்று எண்ணி வளர்ந்தவர்கள். வலியை முடிந்த மட்டும் மறைப்பார்கள். மறைக்க முடியாமல் போனபின் யார் சொல்வதையும் கேட்டு எங்கேயும் போய்ப் படுப்பார்கள். எலும்பு மெலிவு பெண்களுக்கே அதிகம் வருகிறது. அந்த எலும்பின்மேல் ஒரு வேகமான உந்து விழுந்தால் என்னவாகும் என்பதை இதுவரை கண்டோம். நான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்னும் ஒரு சொல்லும், இதனால் தீங்கு வருமா என்னும் ஒரு கேள்வியும் அவர்களைக் காப்பாற்றக் கூடும். அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாயிருந்தால், உடன் செல்லும் நாம் சொல்லலாம். படித்த பெண் ஒருத்தி வீட்டில் இருப்பதன் பயன் அதுதானே?

மருத்துவர்களின் பாதுகாவலராகிய புனித லூக்காவைத் திருச்சபை ஆண்டுதோறும் அக்டோபர் 18-ஆம் நாள் நினைவுகூர்கிறது. குணமாக்கும் கைகளுக்காக அன்று நாம் வேண்டிக்கொள்கிறோம். அந்தக் கைகளுக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. உண்மையை மறையாமல் சொல்வதும், தெரியாததைப் பணிவோடு கேட்பதுமே அது. இறைவன் அளித்த முதுகெலும்பு ஒன்றே ஒன்று. அதைப் பிறர் கையில் ஒப்படைக்கும் முன் நாவைப் பயன்படுத்துவோம். நலமாய் நிமிர்ந்து நிற்போம்.